பழைய லென்ஸ், புது கேமரா

போன வாரம் அண்ணியின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்ததே, அதற்கு அவள் இன்னும் பதில் போடவில்லை. அழிக்கவும் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரேன். லென்ஸை எடுத்துக்கிட்டு, லைட்டைக் கூட்டிட்டுப் போறேன்."

அனுப்பியது அவள் கணவர். இந்தக் கதையை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: லைட் என்பது அவருடைய தங்கை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அண்ணன் படம் எடுக்கும்போது விளக்குக் குடையைப் பிடிக்க வந்தவள், அப்படியே லைட்டக்கா ஆகிவிட்டாள். வீட்டில் சுருக்கி லைட்டு. அவள் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே எதிர்த்த கடை தையல்காரர் முதல் கூரியர் கொடுக்க வருபவர் வரை எல்லாருக்கும் நம் கதாநாயகி அண்ணி ஆகிவிட்டாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

கீழே ஸ்டூடியோ, மாடியில் வீடு. அவர் கூட்டங்களைப் படம் எடுப்பார், அண்ணி முகங்களை எடுப்பாள், லைட்டக்கா இரண்டு பேரையும் மேய்ப்பாள். இருபது வருஷத்துக்கும் மேல் இப்படி ஓடியது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அவர், "நமக்குள்ள பேசறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு, இல்லையா?" என்று கேட்டார். வேறு ஊரில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். சண்டை கிடையாது. மூன்றாவது ஆள் கிடையாது. சண்டை இருந்திருந்தால் தெருவுக்காவது பொழுது போயிருக்கும்.

அவர் போன பிறகும் அண்ணிக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது, வேலை நடந்தது. எதுவும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஸ்டூடியோ மேஜையில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். புது கேமரா அன்றைக்குத்தான் முதல் வேலைக்குப் போகிறது.

கேமராவை மாற்றச் சொன்னது டாக்டர். கழுத்தெலும்பில் தேய்மானம், அதனால் இடது கை விரல்கள் மரத்துப் போகின்றன, கழுத்தில் எதையும் தொங்கவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணி மறு பேச்சு பேசாமல் இரண்டு பழைய கேமராக்களையும் கடையில் கொடுத்துவிட்டு, கைக்கு அடக்கமாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கி வந்தாள். கடைக்காரப் பையன், "மேடம், இதுக்குன்னே புது லென்ஸ் வந்திருக்கு, பாதி வெயிட்" என்று பின்னாலேயே வந்தான்.

"லென்ஸ் இருக்கு" என்று அண்ணி சொல்லிவிட்டாள்.

சிக்கனமா, பிடிப்பா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பையன் ஒரு அடாப்டரைக் கொடுத்தான். ஒரு பக்கம் கேமரா, மறு பக்கம் பழைய லென்ஸ், நடுவில் அது.

லைட்டக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து அந்த அடாப்டரை எடுத்துக் கண்ணில் வைத்து அண்ணியைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது, உள்ள ஒண்ணுமே இல்ல? வெறும் வளையத்தைக் குடுத்து ஏமாத்திட்டானா?"

"அவ்வளவுதான் அது. பழைய கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி இருந்துச்சு இல்ல? புதுசுல அது கிடையாது. அதனால லென்ஸ் கொஞ்சம் தள்ளி நிக்கணும். அந்தத் தூரத்துக்காக இது."

"சும்மா நிக்கறதுக்கா? என்னைக் கேட்டிருந்தா நானே நின்னிருப்பேனே."

வேறொரு நாளாக இருந்தால் அண்ணி சிரித்திருப்பாள். இப்போது தலையை மட்டும் ஆட்டினாள்.

கொஞ்ச நேரத்துக்கு முன் பேட்டரியைத் தேடி மாடிக்குப் போனபோது லைட்டக்காவின் அறை திறந்திருந்தது. கட்டிலில் பெட்டி வாய் திறந்து கிடந்தது. பாதி துணி உள்ளே, பாதி வெளியே. கட்டி முடிக்கப் போகிறாளா, வெளியே எடுத்து வைக்கிறாளா என்று பார்த்தால் தெரியவில்லை. போகிறாயா இருக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

"பேட்டரி சார்ஜ் ஆயிடுச்சா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஆயிடுச்சு" என்றாள் லைட்டக்கா. இன்னும் ஏதாவது கேட்பாளோ என்று ஒரு நொடி அங்கேயே நின்றாள். பிறகு குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

நர்சிங் கல்லூரியில் படிப்பு முடித்த பெண்கள் வாசல் படிக்கட்டில் வரிசை வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாம் வெள்ளை உடை. பிரின்சிபால் அம்மாள் அவர்களைக் கண்ணாலேயே நேராக்கிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குப் பிரிந்துபோகிற பெண்கள். அதற்குள் எல்லாருக்கும் குரூப் போட்டோ, அப்புறம் தனித்தனி முகம் என்று சொல்லியிருந்தார்.

"உங்க சார் வரலையா?" என்று பிரின்சிபால் கேட்டார்.

"வெளியூர்ல இருக்காரு மேடம்" என்றாள் அண்ணி. பொய் இல்லையே.

குரூப் போட்டோ எடுக்க இவர்களுக்கு ஒரு முறை உண்டு. லைட்டக்கா, "எல்லாரும் இங்க பாருங்க, ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணுவாள். கேமரா டக்கென்று சத்தம் போடும். சத்தம் கேட்டதும், படம் எடுத்தாகிவிட்டது என்று எல்லாரும் இழுத்துப் பிடித்த மூச்சை விடுவார்கள். தோள் இறங்கும், பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து ஒரு சிரிப்பு வரும். அப்போது எடுக்கிற படம்தான் படம். முதல் சத்தம் சும்மா ஏமாற்று. இந்தத் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்தது அவர்தான். ஊரில் இவர்கள் எடுக்கிற கூட்டப் படத்தில் மட்டும் எப்படி எல்லாரும் மனுஷர் மாதிரி இருக்கிறார்கள் என்று மற்ற ஸ்டூடியோக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

"ஒண்ணு... ரெண்டு..." என்றாள் லைட்டக்கா.

அண்ணி அமுக்கினாள். சத்தம் வரவில்லை. புது கேமராவில் சத்தமே வராது, கடைக்காரப் பையன் அதைத்தான் பெருமையாகச் சொன்னான்.

லைட்டக்கா காத்திருந்தாள். பெண்கள் பல்லைக் காட்டியபடி காத்திருந்தார்கள். பிரின்சிபாலும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"அண்ணி, எடுங்க."

"எடுத்தாச்சு."

"எப்ப?"

"ரெண்டுக்கே."

"மறுபடியும் ஒண்ணு... ரெண்டு..."

மறுபடியும் அதே கதை. பெண்களின் சிரிப்பு காய்ந்துகொண்டே வந்தது. பின் வரிசையில் ஒருத்தி, "தாடை வலிக்குதுக்கா" என்று முனகினாள்.

லைட்டக்கா அண்ணியைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். விஷயம் பிடிபட்டுவிட்டது. குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சரி, ஒண்ணு... ரெண்டு..." என்றவள் நாக்கை மேலண்ணத்தில் தட்டி "டக்!" என்று ஒரு சத்தம் போட்டாள். அச்சு அசல் பழைய கேமரா.

அவ்வளவுதான். படிக்கட்டு முழுவதும் குபீரென்று சிரித்தது. பிரின்சிபால் கையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணி விரலை அழுத்தியபடியே இருந்தாள். நல்ல படம் விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நெஞ்சுக்குள் ஒரு துள்ளல் வரும். இன்றைக்கு வருகிறதா என்று பார்த்தாள். ஏதோ வருகிற மாதிரி இருந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

அடுத்து தனி முகங்கள். வரவேற்பறைச் சுவரோரம் ஒரு முக்காலி போட்டு, ஒவ்வொருத்தியாக உட்காரவைத்தார்கள். இதற்கு அண்ணி எப்போதும் எடுப்பது எண்பத்தைந்து. லென்ஸ்களுக்கு அந்த வீட்டில் எண்தான் பெயர். எண்பத்தைந்து அவள் கல்யாணமான புதிதில் வாங்கியது. பழைய கேமராவில் அதை மாட்டி லேசாக அமுக்கினால் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு திரும்பி, எதிரில் இருப்பவரின் கண்ணில் போய் ஃபோகஸ் பிடிக்கும். இப்போது அடாப்டரில் மாட்டினாள், அமுக்கினாள். கிர்ரும் இல்லை, ஒன்றும் இல்லை.

புது கேமராவில் சத்தம் வராது என்றுதான் சொன்னானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபோகஸ் பிடித்ததும் திரையில் பச்சையாகிற கட்டமும் மாறவில்லை. அதுவும் புது மாடலில் வேறு மாதிரி இருக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். லைட்டக்கா ஒவ்வொருத்தியின் காதோர முடியை ஒதுக்கிவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி உனக்கு? ஹாஸ்டல் சாப்பாடு நல்லாருக்குமா?" என்று கேட்டுக் கேட்டுப் பேச வைத்தாள். அண்ணி அமுக்கினாள். கேமரா லேசு, முன்னால் லென்ஸ் கனம், அதனால் மூக்கு மட்டும் கீழே இழுத்தது. வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். எடுத்த படத்தை ஒரு தடவைகூடப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

இது நம் அண்ணி செய்கிற காரியமே இல்லை. ஒரு முகத்துக்குப் பத்துத் தடவை திரையைப் பார்க்கிறவள் அவள்.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. இந்த வீட்டுக்கு அவர் மணி அடித்து வருவது இதுதான் முதல் தடவை.

அண்ணி கதவைத் திறந்தாள். இளைத்திருந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். உள்ளே வந்தவர் எங்கே உட்காருவது என்று பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் உட்காருகிற முக்காலியில் போய் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. கழுத்து எப்படி இருக்கு?"

"இருக்கு."

பேச்சு அதோடு தீர்ந்தது. அண்ணி டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். மாடியில் லைட்டக்கா நடக்கிற சத்தம் கேட்டது. பீரோ கதவு திறந்தது, மூடியது. போகிறாளா என்று அண்ணி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு, அவள் போனால் என்ன, இருந்தால் என்ன, நாளைக்கும் விடியத்தான் போகிறது என்று சொல்லிக்கொண்டாள். அது தேறுதல் சொல்லிக்கொண்டதல்ல. நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. அதுதான் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

அவர் மேஜையில் இருந்த புது கேமராவைக் கையில் எடுத்தார்.

"அட, இவ்வளவு லேசா! பழசு ரெண்டையும் குடுத்துட்டியா?"

"ம். கேக்காமக் குடுத்துட்டேன்."

"அதுல என்ன இருக்கு. கழுத்துதான் முக்கியம்."

அவர் எப்போதும் இப்படித்தான், நியாயமாகப் பேசிவிடுவார். கோபப்பட இடம் கொடுக்கவே மாட்டார். கோபப்படுகிறவரோடாவது வாழ்ந்திருக்கலாம் என்று அண்ணி சில சமயம் நினைத்திருக்கிறாள்.

பழக்க தோஷம், அவர் எழுந்து போய்க் கணினி முன்னால் உட்கார்ந்து காலையில் எடுத்த படங்களைத் திறந்தார். படிக்கட்டுப் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இது எப்படி வந்துச்சு? பிரின்சிபால் அம்மாவே சிரிக்கிறாங்க!"

"லைட்டு வாயால டக்குன்னு சத்தம் போட்டா. இதுல சத்தம் வராது."

"செட்டிங்ல சத்தம் வச்சுக்கலாமே" என்றார். பிறகு மேலே ஏதோ சொல்ல வந்தவர், தனி முகங்கள் வந்ததும் நிறுத்திவிட்டார். ஒன்றைப் பெரிதாக்கினார். அடுத்தது. அதற்கடுத்தது.

"இங்க வா."

அண்ணி போய்ப் பின்னால் நின்றாள். திரையில் ஒரு பெண்ணின் முகம். தோளுக்குப் பின்னால் சுவரில் இருந்த சுண்ணாம்புக் கீறல் துல்லியமாக இருந்தது. கண்கள் பனியடித்த மாதிரி இருந்தன. அடுத்தவளுக்கும் சுவர்தான். இன்னொருத்திக்குத் தொப்பியின் பின் விளிம்பு. ஒருத்திக்குக்கூடக் கண் இல்லை.

"எண்பத்தஞ்சுலயா எடுத்தே?"

"ஆமா."

"அதுக்குள்ள மோட்டார் கிடையாதே. பழைய கேமராவுக்குள்ள இருந்த மோட்டார்தான் அதைத் திருப்பும். இந்த அடாப்டர்ல அது வேலை செய்யாது. லென்ஸ் உக்காரும், வெளிச்சம் வரும், ஆனா ஃபோகஸ் தானா பிடிக்காது. மத்த ரெண்டு லென்ஸும் பிடிக்கும், அதுக்குள்ள மோட்டார் இருக்கு."

"சத்தம் வரல" என்றாள் அண்ணி. "புதுசுல சத்தம் வராதுன்னு சொன்னான். அதான்னு நினைச்சேன்."

அவர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

"முதல் படத்துலயே நீ கண்டுபிடிச்சிருப்பியே. உனக்கு என்ன ஆச்சு?"

அத்தனை பெண்களும் செவ்வாய்க்கிழமை கிளம்பிவிடுவார்கள். நாளைக்குத் திரும்பப் போய் எடுத்தாக வேண்டும். வெட்கமாக இருக்க வேண்டிய நேரம். அண்ணிக்குத் தெரிகிறது, ஆனால் யாரோ அடுத்த வீட்டில் வெட்கப்படுகிற மாதிரி இருந்தது.

"கையால திருப்பி எடுக்கலாம்" என்று அவர் கேமராவில் எதையோ மாற்றி நீட்டினார். "இப்ப பாரு. எந்த இடம் துல்லியமா இருக்கோ அதோட விளிம்பு சிவப்பாத் தெரியும். கண்ணிமை சிவக்கற வரைக்கும் வளையத்தைத் திருப்பு. என் முகத்தையே பாரு."

அண்ணி கேமராவைக் கண்ணில் வைத்தாள். அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. இடது கையால் லென்ஸ் வளையத்தைப் பிடித்தாள். பிடித்திருக்கிறோமா என்பதே விரலுக்குத் தெரியவில்லை. திருப்பினாள். சிவப்பு அவர் சட்டைக் காலரில் வந்தது, காதுக்குப் போனது, சுவருக்கு ஓடியது. திரும்பக் கொண்டுவந்தாள், காலருக்கே வந்து நின்றது. கண்ணில் மட்டும் நிற்கமாட்டேன் என்றது.

"விரல் உணரல" என்று கேமராவைக் கீழே வைத்தாள்.

அவர் பையை இழுத்து லென்ஸ்களைப் பிரிக்க ஆரம்பித்தார். மோட்டார் உள்ள இரண்டையும் அவள் பக்கம் நகர்த்தினார். எண்பத்தைந்தைத் துணியில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார்.

"இது உனக்கு உபயோகப்படாது. நான் எடுத்துக்கறேன். சரிதானே?"

"சரி."

"மோட்டார் இல்லாததெல்லாம் உங்களோட வரணுமாக்கும் அண்ணே?"

லைட்டக்கா மாடிப்படியில் நின்றிருந்தாள். கையில் பெட்டி. மூடியிருந்தது.

அவர் சங்கடமாகச் சிரித்தார். "கிளம்பலாமா?"

லைட்டக்கா அவரைப் பார்க்கவில்லை. "அண்ணி, கிளம்பட்டுமா?" என்று கேட்டாள்.

அண்ணி பெட்டியைப் பார்த்தாள். அதன் பூட்டில் ஒரு ரிப்பன் கட்டியிருந்தது. இவள் பள்ளிக்கூடம் போகும்போது தலைவாரிவிட்டவளே அண்ணிதான். அது நினைவுக்கு வந்தது. வந்துவிட்டு அப்படியே நின்றது.

"நாளைக்கு மறுபடி எடுக்கணுமே. முகமெல்லாம் போச்சு" என்றாள்.

"குடையை அந்தப் பொண்ணுங்கள்ல யாராவது பிடிப்பாங்க."

"அங்க உனக்கு ரூம் வசதியா இருக்குமா?"

"நான் கேட்டது அது இல்ல அண்ணி."

தெருவில் தையல்காரர் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. லைட்டக்காவின் அண்ணன்தான் முதலில் பேசினார். குரலில் குத்தல் இல்லை, களைப்புதான் இருந்தது.

"நான் போன அன்னைக்கு இதே வாசல்ல நின்னேன், ஞாபகம் இருக்கா? நீ ஏதாவது சொல்லுவே, சொன்னா உக்காந்துடலாம்னு நின்னேன். நீ என்ன சொன்னே தெரியுமா? 'பெரிய சார்ஜரை வச்சிட்டுப் போங்க'ன்னு சொன்னே."

அண்ணிக்கு ஞாபகம் இருந்தது. அவர் சார்ஜரைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்ததும், ஒயரைச் சுற்றி வைத்ததும் ஞாபகம் இருந்தது. அவர் எதற்காக அத்தனை மெதுவாக அதைச் சுற்றினார் என்பது இப்போதுதான் விளங்கியது.

"போகாதே லைட்டு" என்றாள்.

சொன்ன பிறகு தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"எதுக்கு?" என்றாள் லைட்டக்கா.

"குடை பிடிக்க இல்ல." அண்ணி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு எதுவுமே உறைக்க மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே இப்படித்தான். சோறு சோறா இல்ல, தூக்கம் தூக்கமா இல்ல. காலையில நீ டக்குன்னு சத்தம் போட்டே இல்ல? எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிக்கணும்னு தோணிச்சு. சிரிப்பு வரல, தோணிச்சு. அதுவே எவ்வளவு நாள் கழிச்சு, தெரியுமா? நீயும் போயிட்டா எனக்கு அதுகூடத் தோணாது."

அந்த ஸ்டூடியோவில் அண்ணி இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். லைட்டக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தாள்.

இதோ வைத்துவிட்டாள், இனிமேல் எடுக்க மாட்டாள் என்று அண்ணி நினைத்தாள். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

லைட்டக்கா அண்ணியிடம் வந்தாள். மரத்துப்போன அந்த இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"இதைத்தான் அண்ணி இத்தனை நாளும் கேக்கக் காத்துக்கிட்டிருந்தேன். காலையில பேட்டரி ஆச்சான்னு கேட்டீங்களே, அப்பக்கூட நின்னு பாத்தேன்."

"இப்ப சொல்லிட்டேனே."

"சொல்லிட்டீங்க. ஆனா நேத்தே அண்ணன்கிட்ட வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அவர் மட்டும் என்ன வாழ்றாரு? சமைச்சதைச் சாப்பிடாமக் கொட்டறாராம். பக்கத்து வீட்டுல சொல்றாங்க, ராப்பகலா டிவி ஓடுதாம், ஆள் பேச்சே கேக்கலையாம்." லைட்டக்கா மூக்கை உறிஞ்சினாள். "உங்க ரெண்டு பேருக்குமே வாய் திறக்காது. நடுவுல நின்னு நின்னு எனக்குக் கால் கடுத்துப் போச்சு அண்ணி. எனக்கும் நாப்பதாகப் போகுது. இந்தத் தடவை நான் சொன்ன சொல்லுக்குப் போறேன். அப்புறம் என்னன்னு எனக்கே தெரியல."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க வண்டியை எடுங்கண்ணே" என்று லைட்டக்கா அவரை வெட்டிவிட்டாள்.

போகும்போது லைட்டக்கா அவருடைய பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த எண்பத்தைந்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அதை அவளால திருப்ப முடியாதே" என்றார் அவர்.

"முடியற அன்னைக்குத் திருப்புவாங்க. இது இங்கயே இருக்கட்டும், நான் மட்டும் வரேன்."

கதவு சாத்திய சத்தம், வண்டிக் கதவு சத்தம், என்ஜின் சத்தம் எல்லாம் வரிசையாகக் கேட்டது. அண்ணி சன்னலுக்குப் போகவில்லை. டீக் குவளைகளைக் கழுவி வைத்தாள். அவர் குடித்திருந்தார், லைட்டக்காவுக்கு வைத்தது அப்படியே ஆறிக் கிடந்தது. அதையும் கொட்டிக் கழுவினாள். திரையில் அந்தப் பெண்ணின் கண் இன்னும் மங்கலாகவே இருந்தது.

கைப்பேசியை எடுத்துப் பிரின்சிபாலை அழைத்தாள்.

"மேடம், ஒரு தப்பு ஆயிடுச்சு. குரூப் படம் நல்லா வந்திருக்கு. தனிப் படம் ஒண்ணுகூடத் தெளிவா இல்ல. தப்பு என்னுதுதான். நாளைக்குக் காலையில வந்து மறுபடி எடுத்துத் தந்துடறேன்."

"அடடா" என்றார் பிரின்சிபால். "சரி, கிளாஸ் இல்ல, வாங்க. வார்டு டியூட்டியைத் தள்ளி வச்சுக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், உங்க லைட்டக்காவை மறக்காமக் கூட்டிட்டு வந்துடுங்க. ஹாஸ்டல் பூரா இன்னைக்கு அவங்க பேச்சுதான். பொண்ணுங்க எல்லாம் நாக்கைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டிருக்காங்க. வருவாங்க இல்ல?"

அண்ணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தைக்குப் பதிலாக வேறு ஏதோ சத்தம் வந்தது. கையைக் கொண்டுபோய் வாயில் வைத்தாள், நிற்கவில்லை. அடி வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. வலித்தது. கழுத்தில் இல்லை, விரலில் இல்லை, நடு நெஞ்சில் நன்றாக, பளிச்சென்று வலித்தது.

"ஹலோ? கேக்குதா? ஹலோ..." பிரின்சிபால் எத்தனையோ படுக்கைகளின் பக்கத்தில் நின்ற மனுஷி. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா? குரல் சட்டென்று தணிந்தது. "என்னம்மா? அழறீங்களா?"

அண்ணி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நனைந்திருந்தது.

"ஆமா மேடம்" என்றாள், தனக்கே ஒரு சேதி சொல்வதுபோல. "அழறேன்."